எங்கள் வீட்டு ராட்டில்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல வராது. சினிமாவுக்குச் சத்தம் எழுதுகிறேன் என்பேன். கேட்டவர் என்னை ஏதோ இசைக்காரி என்று நினைத்து ஒரு நிமிடம் மரியாதையாகப் பார்ப்பார். விஷயம் அவ்வளவு பெரிதில்லை. காது கேளாதவர்களும் படம் பார்க்க வேண்டுமே, அவர்களுக்காகத் திரையின் அடியில் ‘கதவு தட்டும் ஓசை’, ‘தொலைவில் இடி’ என்றெல்லாம் எழுத்து ஓடும், பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அது தயாராக வந்துவிடும். அதைத் தமிழாக்குவது என் பிழைப்பு.

போன வாரம் ஒரு படம். அடுப்படியில் ஒரு பெண் நிற்கிறாள். வெளியே ஏதோ கேட்கிறது, நிமிர்ந்து பார்க்கிறாள். கீழே ஒரே ஒரு சொல்: ராட்டிலிங். எது ஆடுகிறது, எது எதில் மோதுகிறது, ஒரு விவரமும் இல்லை. ஆங்கிலத்துக்கு அது போதும் போலிருக்கிறது. நமக்குப் போதாது. தகரம் என்றால் லொடலொட. ஜன்னல் கதவு என்றால் தடதட. வண்டிச் சக்கரம் கடகட. குழந்தை கையில் இருப்பது கிலுகிலு. டப்பாவில் சில்லறை குலுங்கினால் கலகல. சத்தம் போடுவது யார் என்று தெரியாமல் தமிழில் சத்தத்தை எழுதவே முடியாது. எங்கள் வேலையைச் சரிபார்க்கும் தம்பியிடம் கேட்டேன். “மேடம், சும்மா ‘சத்தம்’னு போட்டு முடிச்சிடுங்க” என்றார். அவருக்கு அடுத்த படம் காத்திருக்கிறது.

ஹெட்போனை அழுத்திக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். மரத்தின் மேல் மரம். சந்தேகமே இல்லை. கடகட என்று அடித்துவிட்டு அதற்கு மேல் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் தனியாக ஓர் அர்த்தம் இருந்தது. எந்த அகராதியிலும் கிடையாது. அதைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லை முதலில் என்மேல் வீசியவர் பொன்னேரிக் கல்லூரியின் ஆங்கில மிஸ். முதல் வருடம். ஒரு பத்தியை எழுந்து நின்று படிக்கச் சொன்னார். எனக்கோ பயம். பயம் வந்தால் நான் வேகமாகப் படிப்பேன்; முற்றுப்புள்ளி, கமா எதுவும் என்னைத் தடுக்காது. நடுவில் மிஸ், “டோன்ட் ராட்டில்” என்றார். நான் நின்றிருந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. நான் நடுங்க நடுங்க அதுவும் டக்டக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொல்கிறார் என்று எண்ணி முழங்காலால் பெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் மேலே போனேன். மறுபடியும் “ராட்டில் பண்ணாதம்மா” என்றார். பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வகுப்பே சிரித்தது. “பெஞ்சு இல்லம்மா, நீ” என்றார் மிஸ்.

அவமானத்தோடு நூலகத்துக்குப் போய் அகராதியைப் பார்த்தேன். ஒரு சின்னச் சொல்லுக்குப் பாதிப் பக்கம். தளர்ந்து கிடக்கும் பொருள்கள் அடுத்தடுத்து மோதும் ஒலி. குழந்தையின் விளையாட்டுப் பொருள். மூச்சு விடாமல் ஒப்பிப்பது; அது நான். ஒருவரை நிலைகுலையச் செய்வது. ஒரு பாம்புக்கும் அந்தப் பெயர். கடைசியில் ஒன்று இருந்தது. சாகும் நேரத்தில் தொண்டையில் எழும் ஒலி. பதினெட்டு வயதில் அதையெல்லாம் யார் படிப்பார்கள், தாண்டிவிட்டேன். பழவேற்காட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி, கைப்பிடி, டிரைவர் தலைக்கு மேலிருந்த சாமி படம் எல்லாம் ஆடியபடி வர, முதல் அர்த்தம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

எங்கள் குப்பம் லைட்ஹவுஸ் குப்பத்தை ஒட்டி, ஏரியைப் பார்த்த பக்கம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; பெயர் ஏழுமலை. தேவா சித்தப்பா அவருக்கு ஒரே தம்பி. அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர்; இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். இருவரும் ஒரே படகில் ஏரியில் மடவை பிடித்தார்கள். மடவை கூச்ச சுபாவமுள்ள மீன். வலையை விரித்து வைத்துவிட்டு வா வா என்றால் வராது. நைனா படகை வளைத்து ஓட்டி வலையை வட்டமாக விட்டுக்கொண்டே போவார். வட்டம் கூடியதும் சித்தப்பா ஒரு குட்டைத் தடியால் படகின் பக்கப் பலகையில் தட்டுவார். கடகட கடகட என்று தண்ணீருக்குள் அது இறங்கும். மீன் மிரண்டு நாலா பக்கமும் ஓடி வலையில் விழும். தட்டுவது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் தட்டினால் மீன் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்றுகொள்ளும். சித்தப்பா முன்னால் தட்டி, பின்னால் தட்டி, நடுவில் சும்மா இருந்து, திடீரென்று மறுபடி ஆரம்பிப்பார். கரையிலிருந்து கேட்டால் ஏதோ மேளக்காரர் வம்புக்கு இழுக்கிற மாதிரி இருக்கும்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். “சித்தப்பா, நீ பண்றதுக்கு இங்கிலீஷ்ல ஒரே வார்த்த இருக்குது. ராட்டில்.”

“இன்னாது?”

“ராட்டில். கடகடன்னு சத்தம் வந்தா ராட்டில். அதக் கேட்டு யாருன்னா மெரண்டா அதுவும் ராட்டில்.”

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “அப்ப நானு ராட்டில் ஆபீசரா? அண்ணி, ஆபீசருக்கு இன்னோரு மீனு வையி.”

நைனாவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. புரையேறும். அன்றும் ஏறியது. மறுநாளிலிருந்து அந்தத் தடிக்குப் பெயர் ராட்டில். வேடிக்கையாக ஆரம்பித்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. “ராட்டில எட்டத்துல வையி, காலு இடறுது” என்பார் அம்மா. “ராட்டிலு நனஞ்சிகினு கெடக்குது பாரு” என்பார் நைனா. பல வருடம் கழித்து என் மகன் பிறந்தபோது ஒரு தோழி கிலுகிலுப்பை வாங்கிவந்து, “பேபிக்கு ராட்டில் ஆன்ட்டி” என்று அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத வெச்சிகினு இன்னா மீனு புடிக்கிறது” என்றார். தோழிக்குப் புரியவில்லை.

காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அலை மாறிப் போகும், மீன்பாடு போகும் என்று ஊர் எதிர்த்து உட்கார்ந்தது. நிலையான சம்பளம் என்று சிலர் வேலைக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்று இப்போது சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லலாம். அப்போது ஒரு வீட்டுக்குள் இரண்டு நியாயத்துக்கு இடமில்லை.

சித்தப்பாவுக்கு இரண்டு பெண்கள். ஏரியில் சில மாதங்கள் வெறும் தண்ணீரைத்தான் வலை தூக்கிக்கொண்டு வரும். அவர் காண்ட்ராக்டில் பேர் கொடுத்தார். நைனாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம்தான் வந்தார்.

“அண்ணி, மாசம் பொறந்தா சம்பளம் அண்ணி. பொண்ணுங்கள படிக்க வெக்கணும். அண்ணங்கிட்ட நீ சொல்லேன்.”

“உங்கண்ணன் கூட பொறந்தது நீயி. நான் இன்னாத்த சொல்றது? நீயே சொல்லு தம்பி.”

அவர் சொல்லவில்லை. அம்மாவும் இரண்டொரு நாள் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தார். அதற்குள் நைனா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். ஊரார் சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நைனா முன் வரிசை. ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன் ஒன்று மெதுவாகக் கடந்தது. ஜன்னலோரம் மஞ்சள் ஹெல்மெட்டோடு சித்தப்பா. அண்ணனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஹெல்மெட் இருந்ததால் குனிந்தது இன்னும் நன்றாகத் தெரிந்தது என்று, பந்தலில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொன்னாள். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மறுநாள் விடிவதற்கு முன் தம்பி வீட்டுக் கதவைத் தட்டாமல் தனியாகப் போய்ப் படகைத் தள்ளினார். அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

தனி ஆளாக மடவைக்குப் போக முடியாது. வலை விடுகிறவரே தட்டவும் முடியாது. நைனா இரண்டு மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தார். இளவட்டங்களெல்லாம் ஃபைபர் படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெறும் கூடையோடு திரும்பிய நாட்கள் கூடின. ஒரு விடியற்காலையில் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த ராட்டிலை எடுத்துக்கொண்டு, நேராகப் போய்ப் படகில் ஏறி உட்கார்ந்தார்.

“யோவ், தள்ளு.”

“இன்னாது?”

“படகத் தள்ளுன்றேன்.”

“ஊரு இன்னா சொல்லும் கஸ்தூரி?”

“ஊரு வந்து தட்டுமா?”

நைனா தள்ளினார்.

முதல் நாள் அம்மா தோசைக்கல்லைத் தட்டுகிற மாதிரி தட்டினாராம். மீன் மிரளவில்லை, நைனாதான் மிரண்டார். ஆனால் இத்தனை வருடம் கரையில் நின்று சித்தப்பா தட்டுவதைக் கேட்ட காது அம்மாவுடையது. சில நாட்களில் கை அதைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மிரண்ட மடவை ஒன்று வலையைத் தாண்டிக் குதித்து நேராக அம்மாவின் மடியில் விழுந்தது. அதை அம்மா சொல்லும்போதெல்லாம் முகம் சின்னப் பெண் முகமாகிவிடும். “நானு கத்துறேன், உங்க நைனா வலைய வுட்டுட்டு சிரிக்குது. வட்டம் கலஞ்சி எல்லா மீனும் பூட்ச்சி. மடியில வுயுந்தது ஒண்ணுதான் அன்னிக்கி கொழம்பு.”

படகில் பெண் ஏறுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. ஊர்க்கூட்டம் போட்டார்கள். நைனா குற்றவாளி மாதிரி நின்றார். தலைவர் நல்ல மனிதர்தான், அவருக்கே தர்மசங்கடம். “தீட்டு இருக்குதும்மா, வலைக்கி ஆவாது” என்றார். அம்மா கூட்டத்துக்கு வெளியே நின்றபடியே பேசினார். “மீன தலையில தூக்கிகினு தெருத்தெருவா கூவி விக்கிறோம், அப்ப தீட்டு இல்ல. கருவாடு காய வெக்கிறோம், அப்ப இல்ல. கிழிஞ்ச வலைய மடியில போட்டு கட்டித் தரோம், அப்பவும் இல்ல. தடி புடிச்சா மட்டும் எங்கேர்ந்து வருது?”

யாரோ ஒருவர் பின்னாலிருந்து, “பொம்பள படகேறுனா ஏரியே வத்திப்பூடும்” என்று கத்தினார். கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்தார். “ஏரி வத்துறதுக்கு எங்கண்ணி கையில கீற தடிதான் காரணமா? நல்லா சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு, நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். கத்தியவர் பக்கத்து ஆளின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார், தலைவர் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். ராட்டில் என்ற சொல்லின் இன்னொரு அர்த்தத்தை, நிலைகுலையச் செய்வதை, அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நைனா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் காது சிவந்திருந்தது.

ஒரு சமரசம் ஆனது. போகலாம், ஆனால் வலையைத் தொடக் கூடாது, வலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அம்மா ஒப்புக்கொண்டார். கரையில் ஆள் பார்க்கிற தூரம் வரை முதுகு காட்டினார், அதற்கப்புறம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த தை மாதம். பொங்கல் லீவில் நான் வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்துப் பனியை நீங்கள் பார்த்ததில்லையென்றால் சொல்லிப் புரியவைப்பது கடினம். கையை நீட்டினால் விரல் தெரியாது. நைனாவும் அம்மாவும் பனி இறங்குவதற்கு முன்பே போயிருந்தார்கள். நான் கூடையோடு கரையில் நின்றிருந்தேன். விடிந்துவிட்டது என்பது வெளுப்பை வைத்துத்தான் தெரிந்தது. எனக்குப் பின்னால் சாலையில் சித்தப்பா வேனுக்காகக் காத்திருந்தார். இருமலை வைத்து அவர்தான் என்று தெரியும். கூட இருந்தவர்களிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

தொலைவில் தட்டும் சத்தம் கேட்டது. கடகட கடகட. அம்மாதான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதோ வந்துவிடுவார்கள் என்று கூடையைத் தட்டிச் சுத்தம் செய்தேன். பின்னால் சித்தப்பாவின் பேச்சு பாதியில் நின்றது.

“முகத்துவாரத்துப் பக்கம் எவன் தட்டுவான்?” என்றார். அடுத்த நொடி, “ஐயோ, அண்ணி!” என்று ஓடிவந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம் அது. அந்த வேகத்தில் முகத்துவாரத்தில் யாரும் வலை விடமாட்டார்கள். இழுத்துக்கொண்டு போய் அலை உடைகிற இடத்தில் போட்டுவிடும். பனியில் திசை தெரியாமல் அவர்கள் அங்கே போய்ச் சிக்கியிருக்கிறார்கள். படகு தள்ளும் கழி ஆழத்தில் எட்டாமல் நழுவிப் போய்விட்டது, நைனா கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அம்மாவுக்கு அப்போது செய்ய முடிந்தது தட்டுவது ஒன்றுதான்.

சித்தப்பா ஷூவோடு தண்ணீரில் இறங்கி, கரையோரம் கட்டியிருந்த ஃபைபர் படகில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, இருவருமாக மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு வெளுப்புக்குள் போனார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கேட்க மட்டும்தான் முடிந்தது. மோட்டார் ஓடும், நிறுத்துவார்கள். தட்டும் சத்தம் வரும். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடும். இப்படியே தூரம் தூரமாகப் போனது. பிறகு ஒருமுறை மோட்டார் நின்றபோது தட்டும் சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன். வரவே இல்லை. கூடை கையிலிருந்து எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லா சாமி பெயரும் மறந்துபோய், “அம்மா தட்டும்மா, அம்மா தட்டும்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படகைக் கண்டுவிட்டதால்தான் தட்டுவதை நிறுத்தினார் அம்மா. அது எனக்கு எப்படித் தெரியும்?

பனிக்குள்ளிருந்து முதலில் ஃபைபர் படகு வந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டிய எங்கள் படகு. அம்மாவின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் உடைந்திருந்தது. தடியை அப்போதும் விடவில்லை. சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைக் கரைக்குத் தள்ளினார். கம்பெனி பேன்ட் சேறாகியிருந்தது, ஹெல்மெட்டைக் காணோம். நைனா மெல்ல இறங்கி வந்து தம்பி எதிரில் நின்றார். ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேச்சில்லாதவர்கள். நைனாவின் உதடு இரண்டு முறை அசைந்தது. நானும் அம்மாவும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வேலைக்கி நேரமாவலயா?” என்றார்.

சித்தப்பாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். “ஆவுது” என்று சொன்னார். திரும்பி நடந்தார். வேன் எப்போதோ போயிருந்தது. சேறு நிறைந்த ஷூ சளக் சளக்கென்று சத்தமிட, காட்டுப்பள்ளிப் பக்கம் அவர் பனிக்குள் நடந்துபோனார்.

நைனாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உயிரைக் காப்பாற்றிய தம்பியை அந்த நேரத்திலும் குத்திக்காட்ட வேண்டுமா என்று பொருமினேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நைனாவிடம் அப்படியெல்லாம் கேட்டுவிட முடியாது. அந்த வருடமே சித்தப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு மீஞ்சூருக்குக் குடிபோனார். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்று சொன்னார். என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறினார். நைனா இலைக்கு எதிரில் வந்தபோது, “சாம்பாரு?” என்றார். நைனா, “போதும்” என்றார். இத்தனை வருடத்தில் அவர்கள் பேசியதாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நைனாவுக்கு நெஞ்சு சரியில்லாமல் போனது அதற்கு வெகு காலம் கழித்து. ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றுவிட்டார்கள். நான் சென்னையிலிருந்து வந்து கூட இருந்தேன். பழவேற்காட்டிலிருந்து ஒரு நர்ஸ் பெண் வந்து பார்த்துவிட்டுப் போவாள், கேரளத்துப் பெண், பொறுமைசாலி. ஒரு காலை நைனாவின் மூச்சு மாறிவிட்டது. நினைவில்லை. உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் தொண்டையில் ஏதோ உருள்கிற மாதிரி ஒரு சத்தம். நர்ஸ் பெண் காது வைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “ராட்டில் வந்துடுச்சு அக்கா” என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

அம்மா எழுந்து மூலையில் சாத்தியிருந்த தடியை எடுத்துவந்து, “இதயா கேக்குது அந்தப் பொண்ணு?” என்று என்னிடம் நீட்டினார்.

அகராதியில் நான் படிக்காமல் தாண்டிய வரி அது. அம்மாவிடம் என்னவென்று சொல்வது? தடியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “சித்தப்பாவுக்குப் போன் பண்ணும்மா” என்று மட்டும் சொன்னேன். அம்மா புரிந்துகொண்டார்.

சித்தப்பா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த மூச்சையே வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனைப் பார்த்தபடியே அம்மாவிடம் கேட்டார்.

“அண்ணி, அன்னிக்கி பனியில இஸ்துகினு வந்தமே. கரையில நின்னுகினு அண்ணன் எங்கிட்ட ஒண்ணு கேட்டுதே, நெனவு கீதா?”

“வேலைக்கி நேரமாவலயான்னு கேட்டாரு.”

“அவ்ளோ குத்தி பேசுற அளவுக்கு நானு இன்னா பண்ணிட்டன் அண்ணி?”

அம்மா அவரையே பார்த்தார். “குத்திப் பேசுனாரா? யாரு சொன்னது? வூட்டுக்கு வந்து நானே அவரக் கேட்டன், இன்னாய்யா அப்டி கேட்டுட்டன்னு. லேட்டா போனா வேலைய வுட்டு நிறுத்திடுவானுங்களே, நம்மளால தம்பி பொழப்பு பூடுமேன்னு வாசல்லயே நின்னுகினு இருந்தாரு. நீ நடந்தே போயி சேந்துட்டன்னு ஆளு வந்து சொன்னப்புறந்தான் சோறு துன்னாரு. உனுக்கு அது தெரியும்னு இல்ல நானு நெனச்சிகினு கீறன்.”

அந்தப் பனி நாளில் நைனா வாசலில் நின்றதை நானும் பார்த்தேன், வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். காரணம் எனக்கும் இந்தப் பேச்சில்தான் தெரிந்தது. அந்த இரண்டு சொல்லை அத்தனை வருடம் நானும் அவர் கேட்ட மாதிரியேதான் கேட்டிருந்தேன். சொல்லுக்குச் சொல் அர்த்தம் தேடிச் சம்பாதிக்கிறவள் நான். அந்த ஒரு வரியை மட்டும் நைனாவிடம் போய், என்ன நினைத்துச் சொன்னாய் என்று கேட்டதில்லை. அம்மா சித்தப்பாவுக்குத் தெரியும் என்று நினைத்தார். சித்தப்பா தெரிந்துகொள்ள வேண்டியது ஏதுமில்லை என்று நினைத்தார். நைனா கேட்டாகிவிட்டது, தம்பிக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

சித்தப்பா தலைமாட்டுக்கு நகர்ந்து போனார். அண்ணனின் காதருகே குனிந்து, சாதாரணமாக, எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவருக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னார்.

“இல்லண்ணா. இன்னிக்கி லீவு போட்டுட்டன்.”

மூச்சு அதேபோல உருண்டுகொண்டிருந்தது. நைனாவுக்குக் கேட்டதா என்று தெரியாது. கேட்டது என்று அம்மா சொல்வார். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். மீஞ்சூர் மார்க்கெட்டில் மீன் வாங்கி, பிளாஸ்டிக் பையில் முடிந்து எடுத்துக்கொண்டு வருவார். ஏரிக்கரையில் குடியிருக்கும் வீட்டுக்கு ஐஸ் மீன்! நான் இருந்த ஒருநாள் கிண்டல் செய்யப் போனேன். அம்மா கண்ணால் அடக்கினார். செவுள் வெளுத்த மீனை ஒன்றும் சொல்லாமல் கழுவிக் குழம்பு வைத்தார். “எப்டி கீது அண்ணி?” என்று சித்தப்பா கேட்பார். “நல்லாத்தான் கீது” என்பார் அம்மா. இருவரும் நைனாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு சித்தப்பா கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். படகைக் கொடுத்துவிட்டோம். முகத்துவாரம் வருடத்தில் பாதி நாள் மண்ணடித்துக் கிடக்கிறது என்கிறார்கள். அம்மா இப்போது என்னோடு சென்னையில் இருக்கிறார். ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். நான் அம்மா என்கிறேன், என் மகன் ஆயா என்கிறான், என் கணவர் அத்தை என்கிறார், மாடிவீட்டுக்காரர்கள் ஆன்ட்டி என்கிறார்கள். அண்ணி என்று கூப்பிடத்தான் யாருமில்லை.